பாட்டு யாருடையது? சாம் குக்கும் அலெக்சாண்டரும்

நம் ஊர்ப்பக்கம் பாட்டுக் கட்டுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒப்பாரி, கானா, கூட்ட மேடைப் பாட்டு என எதைக் கேட்டாலும் உட்கார்ந்த இடத்தில் கட்டித் தருவார்கள். அந்தப் பாட்டு கேசட்டிலோ யூடியூபிலோ ஏறிக் காசு பார்க்கும்போது பணம் யார் கைக்குப் போகிறது என்று கேட்டால்தான் பதில் வராது. இதே கேள்வியைச் சுமார் 65 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் இரண்டு கறுப்பினப் பாடகர்கள் கையில் எடுத்தார்கள். ஒருவர் சாம் குக். இன்னொருவர் அவரைவிட 15 வயது மூத்த ஜே.டபிள்யூ. அலெக்சாண்டர்.

சாம் குக் 1931-ல் மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேலில், பருத்தி விளையும் சீமையில் பிறந்தவர். தந்தை சபைப் போதகர். பிழைப்புத் தேடி குடும்பம் சிகாகோ போனது. 19 வயதில் 'சோல் ஸ்டிரர்ஸ்' என்ற பேர்பெற்ற சபைப்பாட்டுக் குழுவில் குக் சேர்ந்தார். அலெக்சாண்டர் 'பில்கிரிம் டிராவலர்ஸ்' குழுவின் பாடகர். வரவு செலவு, ஒப்பந்தம் எல்லாம் பார்த்தவரும் அவரே. இரு குழுக்களும் ஒரே இசைத்தட்டு கம்பெனிக்குப் பாடின. பழக்கம் அங்கே பிறந்தது.

அங்கே காசு எப்படி ஓடியது என்பதைப் பார்ப்போம். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, ஓர் இசைத்தட்டு விற்றால் அதிலுள்ள ஒரு பாட்டுக்கு 2 சென்ட் உரிமைத்தொகை. 10 லட்சம் தட்டு விற்றால் 20 ஆயிரம் டாலர். வழக்கமாக இதில் பாதி பாட்டு எழுதியவருக்கு, மறுபாதி அந்தப் பாட்டின் உரிமையை வைத்திருக்கும் 'பப்ளிஷர்' எனும் வெளியீட்டாளருக்கு. பாடியவர் கறுப்பர், எழுதியவர் கறுப்பர். வெளியீட்டாளர் மட்டும் அநேகமாக வெள்ளை முதலாளி.

1957-ல் குக்கின் 'யூ செண்ட் மீ' நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. தட்டில் எழுதியவர் பெயராக இருந்தது அவருடைய தம்பி எல்.சி. குக்கின் பெயர்! பழைய கம்பெனி முதலாளி உரிமையில் கைவைத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. சொந்தப் பாட்டில் சொந்தப் பெயரைப் போட முடியாத நிலை.

அலெக்சாண்டரிடம் அப்போது 'காக்ஸ் மியூசிக்' என்ற சிறிய வெளியீட்டு நிறுவனம் இருந்தது. 1950-களின் இறுதியில் குக்கை அவர் அதில் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார். நல்ல ஆசான் என்றால் ராகம் சொல்லித் தருபவர் என்றே நாம் நினைக்கிறோம். குரல் குக்கிடம் ஏற்கெனவே இருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது கணக்குப் புத்தகம். அதைத் திறந்து காட்டிப் பாதியைக் கையில் கொடுத்த ஆசானை நாம் அதிகம் கண்டதில்லை.

பிறகு இருவரும் 'சார் ரெக்கார்ட்ஸ்' என்ற இசைத்தட்டு கம்பெனியும் தொடங்கினார்கள். சாம், அலெக்ஸ், ராய் என்ற மூன்று பெயர்களின் முதலெழுத்து அது. ராய், சோல் ஸ்டிரர்ஸ் குழுவின் மூத்தவர் ராய் கிரெய்ன். சபைப் பாடகர்களையும் இளம் பையன்களையும் அங்கே பதிவு செய்தார்கள். அப்படி வந்தவர்தான் பாபி வோமாக். 1964-ல் அவருடைய குழு பாடிய 'இட்ஸ் ஆல் ஓவர் நவ்' பாட்டை இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் எடுத்துப் பாடி, அங்கே முதலிடம் போனது. எங்கள் பாட்டை அவர்கள் பாடுவதா என்று வோமாக் கொதித்தார். ராயல்டி காசோலை வந்தபின் கோபம் தணிந்தது. அவர்கள் எந்தப் பாட்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொன்னதாக அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்வார்.

பணத்தால் எல்லாம் மாறிவிடவில்லை. 1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஒரு விடுதி, குக்குக்கும் மனைவிக்கும் அறை தர மறுத்தது. நியாயம் கேட்டவரையே போலீஸ் கைது செய்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அலெக்சாண்டரை வீட்டுக்கு அழைத்து, ஒரு புதுப் பாட்டைப் பாடிக் காட்டினார் குக். மாற்றம் வந்தே தீரும் எனும் பொருளில் அமைந்த 'எ சேஞ்ச் இஸ் கானா கம்' அதுதான். பின்னாளில் கறுப்பின உரிமைப் போராட்டத்தின் கீதமானது.

நம் நாட்டுச் சட்டத்தையும் பாட்டு எழுதும் மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவில் சேர்ந்த பாட்டுக்கு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு. அதை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்தால் அது செல்லாது. சினிமாப் பாட்டுக்கும் இது பொருந்தும். தியேட்டரில் படம் ஓடுவது மட்டும் விதிவிலக்கு.

1964 டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு விடுதியில் குக் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33. மாற்றம் பற்றிய பாட்டு தனித்தட்டாக வந்தது அதற்குச் சில நாட்கள் கழித்துத்தான். அவரும் அலெக்சாண்டரும் பார்த்துப் பார்த்துச் சேர்த்த உரிமைகள் அவருடைய மேலாளராக இருந்த ஆலன் கிளைனிடம் போய்ச் சேர்ந்தன. அலெக்சாண்டர் 1996-ல் காலமானார். குக்கின் பாட்டுகள் கிளைன் தொடங்கிய ஆப்கோ நிறுவனத்தின் வசம் போனவை போனவைதான்.