விலகல் கடிதம் எழுதும் முன்

அமெரிக்காவில் பல பாப்டிஸ்ட் சபைகளில் உறுப்பினராகச் சேருகிறவர்கள் ஒரு தாளில் கையெழுத்திடுகிறார்கள். உறுப்பினர் உடன்படிக்கை என்று அதற்குப் பெயர். ஆராதனைக்கு ஒழுங்காக வருவேன், காணிக்கை கொடுப்பேன், சபையின் விசுவாச அறிக்கையை ஏற்கிறேன், மூப்பர்களின் கண்காணிப்புக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்கும் உட்படுவேன் என்றெல்லாம் அதில் இருக்கும். சேருகிற நாளின் சந்தோஷத்தில் அதை நிதானமாக வாசிப்பவர்கள் குறைவு. சில வருடங்கள் கழித்து, பிரசங்க பீடத்திலிருந்து வரும் உபதேசத்தை மனசாட்சி ஏற்க மறுக்கும்போதுதான் பலரும் அதைத் தேடுகிறார்கள்.

வேலைக்கும் படிப்புக்கும் டெக்சாஸ், ஜார்ஜியா, வட கரோலினா பக்கம் போகும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது தூரத்து விஷயம் அல்ல. சி.எஸ்.ஐ. சபையிலோ லுத்தரன் சபையிலோ வளர்ந்தவர்கள், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நன்றாக நடக்கிறது என்று பாப்டிஸ்ட் சபைக்குப் போகத் தொடங்குகிறார்கள். உறுப்பினராக வேண்டும் என்றதும் முதல் கேள்வி எழும். குழந்தைப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானம் பெரும்பாலான பாப்டிஸ்ட் சபைகளில் செல்லாது. விசுவாசத்தை அறிக்கையிட்டு, தண்ணீரில் மூழ்கி எடுக்க வேண்டும். அதை ஏற்றுச் சேர்ந்தவர்களுக்கும் பின்னால் வேறு கேள்விகள் வரும். யார் இரட்சிக்கப்படுவார் என்பது முன்குறிக்கப்பட்டதா? பெண்கள் போதகராகலாமா? அந்நியபாஷை வரம் இன்றும் உண்டா? கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு ஒன்றுதான் வேதாகமமா? நேற்றுவரை இரு தரப்பாரும் சேர்ந்து உட்கார்ந்த சபையில் புதுப் போதகர் வந்து ஒரு பக்கத்தையே சரியென்று நிறுத்தும்போது மற்றவர்கள் மூச்சுமுட்டிப் போகிறார்கள்.

அப்படிப்பட்டவர்களை முதலில் வாட்டுவது சட்டப் பயம் அல்ல, குற்ற உணர்ச்சி. விலகினால் பின்மாறிப் போனவர் என்பார்களே என்ற கலக்கம். அவர்கள் பாப்டிஸ்ட் வரலாற்றைக் கொஞ்சம் அறிந்திருந்தால் நல்லது. 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் முதல் பாப்டிஸ்ட் சபையை உருவாக்கிய ஜான் ஸ்மித், இங்கிலாந்துத் திருச்சபையை விட்டு வெளியே வந்தவர். சீக்கிரமே தம் செயலையே மறுபரிசீலனை செய்து மெனோனைட்டுகளோடு சேர விண்ணப்பித்தார். அதை ஏற்காத தாமஸ் ஹெல்விஸ் தனியே பிரிந்து லண்டன் திரும்பினார். மனிதனின் மனசாட்சிமேல் அரசனுக்கு அதிகாரம் இல்லை என்று 1612-இல் எழுதிச் சிறை சென்றார். அமெரிக்காவின் முதல் பாப்டிஸ்ட் சபையைப் பிராவிடன்சில் தொடங்கியவர்களில் ஒருவரான ராஜர் வில்லியம்ஸ், சில மாதங்களிலேயே அதை விட்டு விலகினார். நம் ஊர்ப் போதகர்கள் மதித்துப் படிக்கும் ஸ்பர்ஜன், 1887-இல் உபதேசக் கருத்து வேறுபாட்டால் பிரிட்டனின் பாப்டிஸ்ட் யூனியனிலிருந்து வெளியேறினார். உபதேசத்துக்காக விலகுவது பாப்டிஸ்ட் மரபுக்குப் புறம்பானது என்று யாராவது சொன்னால், அந்த மரபு பிறந்த கதையை அவர் மறந்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும்.

எதை விட்டு விலகுகிறீர்கள் என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பாப்டிஸ்ட் அமைப்பில் ஒவ்வொரு சபையும் தன்னாட்சி உடையது. மேலே பேராயர் இல்லை, சினாடு இல்லை. தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடு, சபைகள் விரும்பிச் சேர்ந்திருக்கும் கூட்டமைப்பு மட்டுமே. அந்த மாநாடு 2000-இல் தன் விசுவாச அறிக்கையைத் திருத்தி, போதகர் பணி ஆண்களுக்கு மட்டும் என்று எழுதியது. அதே ஆண்டு முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் மாநாட்டோடு தமக்கிருந்த உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தார். ஆனால் பிளெயின்ஸ் ஊரில் தாம் சேர்ந்திருந்த பாப்டிஸ்ட் சபையை விடவில்லை. அங்கே ஓய்வுநாள் வகுப்பு எடுப்பதைத் தொடர்ந்தார். உங்கள் மனத்தாங்கல் மாநாட்டோடுதான் என்றால், உங்கள் சபை அந்த மாநாட்டில் நீடிக்க வேண்டுமா என்று சபைக் கூட்டத்தில் கேட்க ஒரு உறுப்பினராக உங்களுக்கு உரிமை உண்டு. சபையின் உபதேசத்தோடுதான் என்றால், மேல்முறையீடு செய்ய வேறு இடம் கிடையாது. பேசிப் பார்க்கலாம், இல்லையேல் விலகலாம்.

விலகும் உரிமையில் சந்தேகமே வேண்டாம். மதச் சுதந்திரம் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தத்தில் இருக்கிறது. இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கென 1987-இல் திருத்தப்பட்ட மாதிரிச் சட்டம், உறுப்பினர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்கிறது. பல மாநிலச் சட்டங்கள் அதைத் தழுவியவை. ஆனால் சபைக்கும் உரிமை உண்டு. யார் உறுப்பினர், எது சரியான உபதேசம், யாரை ஒழுங்குக்கு உட்படுத்துவது என்பவற்றில் நீதிமன்றம் தலையிடாது. 1872-இல் உச்ச நீதிமன்றம் வாட்சன் எதிர் ஜோன்ஸ் வழக்கில் வகுத்த பாதை இது: ஒரு சபையில் சேருகிறவர் அதன் ஆளுகைக்குச் சம்மதித்தே சேருகிறார்.

அந்தச் சம்மதம் எப்போது முடிகிறது? சிக்கல் முழுக்க இந்தக் கேள்வியில்தான். ஓக்லஹோமா மாநிலத்தின் காலின்ஸ்வில் என்ற சிற்றூரில் கிறிஸ்துவின் சபையைச் சேர்ந்த ஒரு பெண், மூப்பர்கள் தம் அந்தரங்க வாழ்க்கையைச் சபைக்கு அறிவிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் விலகல் கடிதம் கொடுத்தார். மூப்பர்கள் அப்படியும் அறிவித்தார்கள். அக்கம்பக்கச் சபைகளுக்கும் தெரிவித்தார்கள். அவர் வழக்குப் போட்டார். ஜூரி 3,90,000 டாலர் இழப்பீடு விதித்தது. 1989-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை அப்படியே விட்டுவைக்கவில்லை. உறுப்பினராக இருந்த காலத்தில் மூப்பர்கள் செய்தவற்றுக்கு மதச் சுதந்திரப் பாதுகாப்பு உண்டு, அவர் விலகிய பிறகு செய்தவற்றுக்கு அது இல்லை என்று பிரித்துக் காட்டி, வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. அது பாப்டிஸ்ட் சபை அல்ல. ஆனால் மத்தேயு 18-ஐ ஆதாரமாகக் கொண்ட ஒழுங்குமுறையை நடத்தும் எந்தச் சபைக்கும் இந்தப் பிரிவுகோடு பொருந்தக்கூடியது. அந்தக் கோட்டைப் போட்டது ஒரு தேதியிட்ட கடிதம்.

அதனால்தான் சொல்கிறேன்: வாய்மொழியாகச் சொல்லிவிட்டு ஆராதனைக்குப் போவதை நிறுத்திக்கொள்வது விலகல் ஆகாது. பட்டியலில் பெயர் இருக்கும். வராமலிருப்பதே ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாகலாம். கடிதம் எழுதுங்கள், சுருக்கமாக. “இன்ன தேதியிலிருந்து நான் இந்தச் சபையின் உறுப்பினர் அல்ல. பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கி, எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். என்னைப் பற்றிய தனிப்பட்ட விஷயங்களைச் சபையில் அறிவிக்க நான் சம்மதிக்கவில்லை.” இவ்வளவு போதும். விலக அனுமதி கேட்கும் தொனி வேண்டாம், தெரிவிக்கிறீர்கள், அவ்வளவே. உபதேசக் காரணத்தை எழுத விரும்பினால் ஒரு வரி எழுதலாம். பத்துப் பக்கம் வாதாடினால் அது பதில் வாதத்துக்கு அழைப்பாகிவிடும். ஒப்புகைக் கையெழுத்து வாங்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, மின்னஞ்சலிலும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஒழுங்கு நடவடிக்கை தொடங்கிய பிறகு அனுப்புவதைவிட முன்பே அனுப்புவது எவ்வளவோ மேல்.

சில உடன்படிக்கைகளில், நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது விலகல் ஏற்கப்படாது என்று ஒரு வரி இருக்கும். இது என்ன செய்யும் என்பதை 2015-இல் டெக்சாசில் பார்த்தோம். தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாட்டைச் சேர்ந்த வில்லேஜ் சர்ச்சில் ஒரு பெண், குழந்தைகளின் ஆபாசப் படங்களைப் பார்த்ததாக ஒப்புக்கொண்ட கணவனோடான திருமணத்தைச் செல்லாததாக்க முடிவெடுத்தார். மூப்பர்களைக் கேட்காமல் அப்படிச் செய்தது உடன்படிக்கை மீறல் என்று சபை அவரை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது; அவருடைய விலகலையும் ஏற்க மறுத்தது. விஷயம் வெளியே வந்து கண்டனம் எழுந்த பிறகே தலைமைப் போதகர் மாட் சாண்ட்லர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்டவரையே கட்டிப்போடும் ஒரு தாளை வேதத்தின் பெயரால் நீட்டுவது எனக்குப் பெரும் வேதனையாக இருக்கிறது. கையெழுத்திட்டிருந்தாலும் உங்களைப் பிடித்து உட்காரவைக்க யாராலும் முடியாது. அந்த வரியின் ஆபத்து வேறு: நீங்கள் போன பிறகும் உங்கள் பெயரைச் சபையில் பேச அது சபைக்கு வாதம் தருகிறது.

போதகரிடம் அந்தரங்கமாகச் சொன்னவை இன்னொரு ஆபத்து. வக்கீலிடம் சொன்னதுபோல அவை பூட்டப்பட்டவை என்று பலர் நினைக்கிறார்கள். போதகரிடம் சொன்ன இரகசியத்துக்கு எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வகைச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் நீதிமன்றச் சாட்சியம் பற்றியது. டெக்சாசின் ஃபோர்ட் வொர்த்தில் ஒரு போதகர், அரசு உரிமம் பெற்ற ஆலோசகரும்கூட. தம்மிடம் ஒரு பெண் சொன்னதை ஒழுங்கு நடவடிக்கையின் பெயரில் சபையாருக்குக் கடிதமாக அனுப்பினார். 2007-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், இது சபையின் உள் ஒழுங்கோடு பின்னிக் கிடக்கிறது என்று கூறி வழக்கை ஏற்க மறுத்தது. உபதேசம் பற்றிப் பேசப் போகும் சந்திப்பில் குடும்பப் பிரச்சினையைத் திறக்காதீர்கள். ஆலோசனை வேண்டுமானால் சபையோடு தொடர்பில்லாத ஆலோசகரிடம் போங்கள்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம் தேவைப்படலாம். பாப்டிஸ்ட் சபையில் குழந்தை, பெற்றோரை ஒட்டி உறுப்பினராவதில்லை. ஆனால் ஒன்பது பத்து வயதில் ஞானஸ்நானம் எடுத்த பிள்ளை தன் பெயரிலேயே பட்டியலில் இருக்கும். அப்பா அம்மா விலகியும் மகளின் பெயர் அங்கேயே கிடப்பதுண்டு. கணவன் விலக, மனைவி தொடரவும் செய்யலாம். அதற்கும் இருவருக்கும் உரிமை இருக்கிறது.

வேறொரு பாப்டிஸ்ட் சபைக்குப் போவதென்றால் புதுச் சபையே பழைய சபையிடமிருந்து மாற்றுக் கடிதம் கேட்டு வாங்கும். அதுதான் சுமுகமான வழி. பிரெஸ்பிடேரியன் போன்ற வேறு மரபுக்குப் போனால் பல பாப்டிஸ்ட் சபைகள் கடிதம் தருவதில்லை, பெயரை மட்டும் நீக்கும். அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. நீங்கள் எடுத்த ஞானஸ்நானத்தை அந்தச் சபைகள் ஏற்கும்.

கொடுத்த தசமபாகமும் கட்டட நிதியும் திரும்ப வராது. மனமுவந்து கொடுத்த கொடை சட்டப்படி கொடைதான். ஏமாற்றி வாங்கியதாக நிரூபிக்க முடிந்தால் மட்டுமே வழக்குக்கு இடமுண்டு. வருமான வரிக் கழிவுக்கு, ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவற்றுக்குச் சபையின் எழுத்துமூல ஒப்புகை தேவை. அந்த ஆண்டின் ஒப்புகையை விலகும் முன்பே கேட்டுப் பெறுங்கள். சபைக் கணக்கைப் பார்க்கும் எண்ணம் இருந்தாலும் அப்படியே. கணக்குப் புத்தகங்களைப் பார்க்கும் உரிமையைப் பல மாநிலச் சட்டங்கள் உறுப்பினருக்கே தருகின்றன. ஒரு கூட்டமாக விலகுகிறவர்களுக்குக் கட்டடத்தில் பங்கும் கிடைக்காது. பாப்டிஸ்ட் சபைகளில் சொத்து வழக்கமாக உள்ளூர்ச் சபையின் பெயரிலேயே இருப்பதால், பெரும்பான்மை எந்தப் பக்கமோ கட்டடம் அந்தப் பக்கம்.

சபையில் சம்பளத்துக்கு இருப்பவர்களின் நிலை இதைவிடக் கடினம். 2003-இல் தெற்கத்திய பாப்டிஸ்டுகளின் சர்வதேச மிஷன் வாரியம், திருத்திய விசுவாச அறிக்கையை உறுதிப்படுத்த மறுத்த 13 மிஷனரிகளைப் பணிநீக்கம் செய்தது. 2012-இலும் 2020-இலும் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின்படி, போதக ஊழியம் செய்பவர் வேலைப் பாகுபாட்டுச் சட்டங்களின்கீழ் சபைமீது வழக்குப் போட முடியாது. சபைகளுக்கு வேலையின்மைக் காப்பீட்டு வரி விலக்கு இருப்பதால் அந்த உதவித்தொகையும் பெரும்பாலும் கிடைக்காது. வேலைக்குப் பிறகும் மருத்துவக் காப்பீட்டை நீட்டிக்கும் மத்தியச் சட்டம் சபைத் திட்டங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. சபை கொடுத்த வீட்டில் குடியிருந்தால் வீடும் போகும். மத ஊழியர்களுக்கான ஆர்-1 விசாவில் வந்த தமிழ்ப் போதகருக்கு ஆபத்து அதிகம். எச்-1பி விசாக்காரருக்கு வேலை போனால் கிடைக்கும் 60 நாள் அவகாசம் ஆர்-1 விசாவுக்கு இல்லை. சபையும் 14 நாட்களுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும். பிரிவுத் தொகையோடு ‘வெளியே பேசமாட்டேன்’ என்ற தாளை நீட்டினால் அன்றே கையெழுத்திட வேண்டாம். அதையும் வழக்கறிஞர் படிக்கட்டும். குழந்தைமீது நடந்த கொடுமை எதையாவது நீங்கள் அறிந்திருந்தால், எந்தத் தாளும் உங்களைக் காவல் துறையிடம் போவதிலிருந்து தடுக்காது. அதை உபதேச வேறுபாட்டோடு சேர்த்துப் பேசி மூப்பர்களின் தீர்ப்புக்குக் காத்திருக்காதீர்கள்.

விலகிய பின் சட்டத்தால் தீர்க்க முடியாத இழப்பும் உண்டு. புதன் ஜெபக் கூட்டத்துத் தோழி போனை எடுக்கமாட்டாள். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வழக்கமாக வருபவர்கள் வரமாட்டார்கள். ஊரைவிட்டு ஊர் வந்து, சபையையே சொந்தமாக்கிக்கொண்ட குடும்பத்துக்கு இது உறவறுந்த துக்கம். கடிதம் அனுப்பும் முன்பே இரண்டு மூன்று பேரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். வதந்திக்கு முன்னால் உங்கள் வார்த்தை போய்ச் சேரட்டும்.

மூப்பர்கள் வீடு தேடி வந்துகொண்டே இருந்தால், வர வேண்டாம் என்று எழுத்தில் தெரிவியுங்கள்; அதற்குப் பிறகும் வந்தால் அது அத்துமீறல். உங்கள் உபதேசம் தவறு என்று அவர்கள் பிரசங்கித்தால் நீதிமன்றம் கேட்காது. காணிக்கையைத் திருடினார், மனைவியை அடித்தார் என்று நடக்காததை நடந்ததாகப் பரப்பினால் அது அவதூறு, வழக்குத் தொடரலாம். யார், எப்போது, யாரிடம் சொன்னார் என்று குறித்து, செய்திகளையும் மின்னஞ்சல்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். டெக்சாஸ், ஜார்ஜியா, வட கரோலினா மூன்றிலும் அவதூறு வழக்குக்கான காலவரம்பு ஒரே வருடம்தான். வழக்கறிஞர் யாரையும் தெரியாவிட்டால் மாநில வழக்கறிஞர் சங்கத்தின் பரிந்துரைச் சேவையை அழைத்தால் பெயர் தருவார்கள்.