மரவள்ளிக் கழிவிலிருந்து பயன்பொருள்: சேலம், நாமக்கல் சவ்வரிசி ஆலைகளை முன்வைத்து

முன்னுரை

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் விளையும் மரவள்ளிக்கிழங்கு, சவ்வரிசி ஆலைகளின் மூலப்பொருளாகும். 1940களில் சேலத்தில் வேரூன்றிய இத்தொழிலுக்கு, 1981இல் தொடங்கப்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் பொதுச் சந்தையை அமைத்துத் தந்தது. 2023இல் சேலம் சவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது. ஆலைகள் ஒதுக்கும் திப்பி, தோல், கழிவுநீர் ஆகியவற்றின் பயன்பாட்டு வாய்ப்புகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திப்பி

கிழங்கை அரைத்து மாவுப்பாலைப் பிரித்தபின் எஞ்சும் நார்ச்சக்கையே திப்பி எனப்படும். உலர்ந்த திப்பியின் எடையில் ஏறத்தாழப் பாதி மாவுச்சத்தாகும். நார்ச்சுவர்களுக்குள் சிக்கிய இம்மாவை அரைப்பதால் மட்டும் முழுமையாக வெளிக்கொணர இயலாது. அமைலேசு வகை நொதிகள் அதனைக் குளுக்கோசாகச் சிதைக்கின்றன. அக்குளுக்கோசை ஈஸ்ட் எத்தனாலாகவும், ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்னும் பூஞ்சை சிட்ரிக் அமிலமாகவும் மாற்றுகின்றன.

திப்பி கால்நடைத் தீவனமாகவும் விற்கப்படுகிறது. எனினும் அதில் புரதம் மிகக் குறைவு, நார் மிகுதி. எனவே நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனத்தில் அதனை அளவோடுதான் சேர்க்க இயலும். திப்பியின்மீது பூஞ்சையை வளர்த்துப் புரதத்தைக் கூட்டும் முறையைத் திருவனந்தபுரத்திலுள்ள மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்துள்ளது.

தோலும் இலையும்

மரவள்ளித் தோலில் லினமரின் என்னும் சேர்மம் உள்ளது. திசு சிதையும்போது அது நொதியுடன் கலந்து ஹைட்ரஜன் சயனைடை வெளியிடும். பச்சைத் தோலைத் தின்னும் கால்நடைக்கு நஞ்சேறுவது இதனாலேயே. அதே தோலைக் கரியாக்கினால், சாய நிறமிகளை ஈர்க்கும் நுண்துளைக் கரி கிடைக்கிறது. சாயக்கழிவால் நலிந்த திருமணிமுத்தாற்றுப் பகுதிக்கு இது பொருத்தமான ஆய்வுப்பொருளாகும். இலையின் நச்சுத்தன்மையும் வீணாவதில்லை. மேற்குறித்த நிறுவனம் மரவள்ளி இலையிலிருந்து நன்மா, மேன்மா, ஸ்ரேயா ஆகிய உயிரிப் பூச்சிக்கொல்லிகளை உருவாக்கியுள்ளது.

கழிவுநீர்

கரிமப்பொருள் மிகுந்த ஆலைக் கழிவுநீர் தேங்கினால் புளித்து நாற்றமெடுக்கும்; நிலத்தடி நீரையும் கெடுக்கும். காற்றுப்புகாக் கலன்களில் நுண்ணுயிர்கள் அதனை மீத்தேன் வாயுவாக மாற்றுகின்றன. அவ்வாயு ஆலைக்கே எரிபொருளாகிறது.

முடிவுரை

வேதியியல் வழிகள் தெளிவாகவே உள்ளன. தடை ஈரத்தில்தான் உள்ளது. களத்து வெயிலை நம்பி உலர்த்தப்படும் திப்பி, வடகிழக்குப் பருவமழையில் விரைவில் புளித்துவிடும். கெட்ட திப்பியால் ஆலைக்கு வருவாய் இழப்பு. அதைக் கொட்டும் இடத்தில் ஊருக்குத் தொல்லை. சிற்றாலை ஒவ்வொன்றும் நொதித்தல் கலன் அமைப்பது அரிது. எனவே திப்பியை ஈரமாகவே பெற்றுப் பதப்படுத்தும் பொது மையங்களைக் கூட்டுறவு முறையில் அமைப்பதே முதற்படியாகும். சவ்வரிசிக்குச் சந்தை கண்ட அவ்வழி, திப்பிக்கும் பொருந்தும்.