குழந்தை தாயிடம், கார்டு தகப்பனிடம்

தாராவியில் எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில் குடியிருக்கும் நெல்லைச் சகோதரி ஒருவர், சென்ற வாரம் கோர்ட்டு உத்தரவு ஒன்றை என்னிடம் நீட்டினார். பிரிந்து வாழும் கணவர், பிள்ளைக்கு மாதம் நாலாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. பணமும் தவறாமல் வருகிறதாம்.

"அப்புறம் என்னம்மா குறை?" என்றேன்.

"பிள்ளைக்கு இளைப்பு அண்ணாச்சி. போன மழையில் மூணு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நாலு மாசப் பணம் ஒரே பில்லில் போயிற்று. அவருக்குக் கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. உண்டு. கார்டு அவர் கையில்தானே இருக்கிறது!"

நம்மவர்கள் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். ஜீவனாம்சம் என்றால் சோற்றுக்கும் துணிக்கும் என்று நினைத்து மனுப் போடுகிறார்கள். வைத்தியச் செலவும் ஜீவனாம்சத்தில் சேர்ந்தது என்று 1956-ம் வருஷத்து இந்து தத்து, ஜீவனாம்சச் சட்டமே சொல்கிறது. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் 20-வது பிரிவு இன்னும் ஒரு படி மேல். மருத்துவச் செலவைக் கொடுக்கச் சொல்லலாம். கணவர் தராவிட்டால், சம்பளத்தில் பிடித்து நேரே மனைவியிடம் கொடுக்கும்படி முதலாளிக்கே உத்தரவிடலாம்.

அமெரிக்காவில் 1993-ல் ஒரு சட்டம் வந்தது. கோர்ட்டு உத்தரவு கம்பெனிக்குப் போனால், தகப்பனுடன் வசிக்காத பிள்ளையையும் அவருடைய மருத்துவ இன்ஷூரன்சில் சேர்த்தாக வேண்டும். நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆகவே நாமாகத்தான் கேட்க வேண்டும். சமரசமாகப் பிரிகிறவர்கள், பிள்ளையின் பெயர் கார்டில் இருக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

ஈ.எஸ்.ஐ.யைப் பொறுத்தவரை, புருஷன் பெண்டாட்டி சண்டையால் பிள்ளையின் உரிமை போய்விடாது. தகப்பனை நம்பியிருக்கும் மைனர் பிள்ளை அவர் குடும்பம்தான். பதிவுப் படிவத்தில், குடும்பத்தார் உடன் வசிக்கிறார்களா, இல்லையென்றால் எந்த மாநிலம், எந்த மாவட்டம் என்றே கேட்டிருக்கிறது. மும்பையில் வேலை பார்ப்பவரின் பிள்ளை திருநெல்வேலியில் வைத்தியம் பார்த்துக்கொள்ள வழி உண்டு. ஆபீசில் குடும்பப் படிவங்களை வாங்கி அடுக்குகிறவன் என்பதால் சொல்கிறேன்: அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறவர்கள்தான் அதிகம். தாய்க்கே ஈ.எஸ்.ஐ. இருந்தால் தன் கார்டிலேயே பிள்ளையைச் சேர்க்கலாம். இந்தச் சகோதரி நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். அவருக்கு ஏது கார்டு?

ஊருக்குத் திரும்பிவிட்ட பெண்கள் கேஸ் போட இங்கே வர வேண்டியதில்லை. வசிக்கும் ஜில்லாவிலேயே போடலாம். வக்கீல் பீசுக்கும் கவலை வேண்டாம். 1987-ம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவானாலும், இலவச சட்ட உதவி உண்டு.

ஏற்கெனவே உத்தரவு வாங்கியவர்களும் நிலைமை மாறினால் தொகையை உயர்த்தக் கேட்கலாம். முன்பு 127-வது பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 146. பழைய சட்டத்தில் இருந்த மாதம் 500 ரூபாய் உச்சவரம்பு 2001-லேயே போய்விட்டது.

"ஆஸ்பத்திரி பில் எல்லாம் வைத்திருக்கிறாயா?" என்று கேட்டேன். அரிசி டப்பாவுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறதாம். செவ்வாய்க்கிழமை பாந்திரா குடும்பக் கோர்ட்டுக்குப் போகிறார்.