எண்ணெய்க்குள் ஒளிந்த எள்

கரோல் பாகின் மளிகைக் கடைகளில் கடுகெண்ணெய், கடலையெண்ணெய், நல்லெண்ணெய், நெய், வனஸ்பதி ஆகியவற்றை ஒரே அடுக்கில் காணலாம். அண்டை வீட்டார் கத்தரிக்காயைக் கடுகெண்ணெயில் வதக்குவர். நம் வீட்டிலோ இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெய் வேண்டும். ஒரே நாட்டில் இத்தனை வேறுபாடு ஏன்? ஆய்வகத்திலும் நூல்களிலும் இதற்கு விடை தேடியவர் கே. டி. அச்சயா என்னும் வேதியியலார்.

அவர் 1923ஆம் ஆண்டு கொள்ளேகாலில் பிறந்தார். இன்று கர்நாடகத்தில் உள்ள அவ்வூர், அன்று சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. வேதியியல் பயின்ற அச்சயா, மேற்படிப்பிற்காக இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். கொழுப்பு வேதியியலில் பெரும்புகழ் பெற்ற ஹில்டிச் அங்குப் பேராசிரியராக இருந்தார். அவருடன் சேர்ந்து அச்சயா ஆராய்ந்தது என்ன தெரியுமா? பசு, எருமை ஆகியவற்றின் பாற்கொழுப்பு! நம் அடுக்களை நெய், கடல் கடந்து ஆய்வுப் பொருளாயிற்று. ஆய்வின் முடிவுகள் 1950இல் வெளிவந்தன.

கொழுப்பு என்பது ஒற்றைப் பொருளன்று; கிளிசராலுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்த மூலக்கூறுகளின் கலவை அது. அமிலங்கள் மாறினால் கொழுப்பின் இயல்பும் மாறும். நிறைவுற்ற அமிலங்கள் மிகுந்த நெய், தில்லியின் குளிரில் உறைகிறது. நிறைவுறா அமிலங்கள் மிகுந்த கடுகெண்ணெயோ அக்குளிரிலும் உறைவதில்லை.

தாயகம் திரும்பிய அச்சயா, ஐதராபாத்தின் வட்டார ஆய்வகத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றினார். ஆமணக்கு, பருத்தி விதை முதலியவற்றின் எண்ணெய்களை ஆராய்ந்தார். பின்னர் மும்பையிலும் மைசூரிலும் உணவு அறிவியல் பணிகளை மேற்கொண்டார்.

ஆயினும், அவரை நாம் நினைவுகூர்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. எண்ணெயின் வேதியியலை அறிந்தவர், அதன் வரலாற்றையும் அறிய விரும்பினார். செக்கு என்றதும் நமக்கு வ. உ. சிதம்பரனார் கோவைச் சிறையில் இழுத்த செக்கே நினைவுக்கு வரும். அச்சயாவோ செக்கின் அமைப்பை ஆராய்ந்து, 1993இல் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவரது இந்திய உணவு வரலாற்று நூலில் சங்க இலக்கியமும் சான்றாகிறது.

இனி நம் வினாவுக்கு வருவோம். வடநாட்டின் குளிர்காலத்தில் கடுகு செழித்து வளர்கிறது, கடற்கரையில் தென்னை, வறண்ட, வெப்பமான நிலத்தில் எள். மண் தந்த வித்தே அந்தந்த ஊரின் எண்ணெயாயிற்று. நிலக்கடலை தென் அமெரிக்காவிலிருந்து பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் சில இடங்களில் அதனை மணிலாக்கொட்டை என்பர். அப்பெயரிலேயே பயணத்தின் தடம் தெரிகிறது.

சொற்களும் சான்று கூறும். எள் + நெய் = எண்ணெய். பழந்தமிழில் நெய் என்னும் சொல் எண்ணெயையும் குறித்தது. வடமொழியில் 'தில' என்றால் எள். அதிலிருந்து 'தைலம்' பிறந்தது. அதுவே இந்தியில் 'தேல்' ஆயிற்று. ஆகவே, நாம் 'கடுகெண்ணெய்' என்றாலும், அண்டை வீட்டார் 'சர்சோன் கா தேல்' என்றாலும், கடுகுக்குள் ஓர் எள் ஒளிந்திருக்கிறது!

வனஸ்பதிக்குள்ளும் எள் உண்டு. அங்கே அது சொல்லாக இல்லை, பொருளாகவே இருந்தது. வனஸ்பதி நெய்யைப் போலவே தோன்றுவதால், வணிகர் சிலர் அதனை நெய்யில் கலந்து விற்றனர். அதனைக் கண்டறிய, வனஸ்பதியில் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று அரசு விதித்தது. ஐயத்திற்குரிய நெய்யுடன் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பர்பியூரலும் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருப்பின் அமிலம் செந்நிறமாகும். கலப்படம் வெளிப்பட்டுவிடும்.

அச்சயா 2002இல் மறைந்தார்.

பயிற்சி: உங்கள் வீட்டில் பயன்படும் எண்ணெய்களின் பெயர்களைத் தமிழிலும் இந்தியிலும் எழுதுக. பாட்டி, தாத்தா ஊரில் எந்த எண்ணெயில் சமைத்தனர் என்று கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.