வலிக்காத தீப்புண்

சோறு வடிக்கும்போது தட்டு நழுவி, கொதிக்கும் கஞ்சி காலில் கொட்டிவிடுகிறது. "மையை ஊற்று" என்கிறார் ஒருவர். இட்லி மாவைக் கொண்டு வருகிறார் மற்றொருவர். இக்காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

நம் மேல்தோல் காகிதம் போல் மெல்லியது. அதன் கீழுள்ள அடித்தோலில் இரத்தக் குழாய்களும் நரம்பு முனைகளும் உள்ளன. வெப்பம் எவ்வளவு ஆழம் சென்றது என்பதைப் பொறுத்துத் தீப்புண் மூன்று வகைப்படும்.

முதல் வகையில் மேல்தோல் மட்டுமே பாதிக்கப்படும். தோல் சிவந்து எரியும், கொப்புளம் இராது. கறுத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. ஒரு வாரத்திற்குள் ஆறிவிடும்.

இரண்டாம் வகை அடித்தோல் வரை செல்லும். கொப்புளங்கள் எழும், நீர் கசியும், வலி கடுமையாக இருக்கும்.

மூன்றாம் வகையில் தோல் முழு ஆழத்திற்கும் வெந்துவிடும். வெளுத்தோ கருகியோ, பதனிட்ட தோல்போல் விறைத்திருக்கும். அந்த இடத்தில் வலி இராது! வலியை உணர்த்தும் நரம்பு முனைகளே அழிந்துவிட்டன அல்லவா? "வலிக்கவில்லை" என்று நோயாளி சொன்னால் நிம்மதி அடையாதீர்கள். அதுவே ஆபத்தின் அறிகுறி. இத்தகைய புண்ணுக்குப் பெரும்பாலும் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும்.

தோலைப் புண்ணாக்க 44 டிகிரி செல்சியஸ் வெப்பத்திற்குச் சுமார் 6 மணி நேரம் ஆகும். 60 டிகிரிக்குச் சில விநாடிகளே போதும். மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற அமெரிக்க அறிஞர்கள் 1947-இல் இதை வெளியிட்டனர். கொதிக்கும் கஞ்சியோ ஏறக்குறைய 100 டிகிரி! கஞ்சியைத் துடைத்த பிறகும் தோலுக்குள் புகுந்த வெப்பம் வேலை செய்துகொண்டே இருக்கும்.

எனவே புண்ணை உடனே குழாய் நீரின் கீழ் 20 நிமிடங்கள் காட்டுங்கள். பனிக்கட்டி வேண்டாம், அது இரத்த ஓட்டத்தைக் குறைத்துப் புண்ணை மேலும் கெடுக்கும். வீக்கம் வருமுன் வளையல், மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். மையும் மாவும் வெப்பத்தை வெளியேற்றா, கிருமிகளைச் சேர்க்கும், புண்ணின் ஆழத்தை மருத்துவர் காணாதபடி மறைக்கும்.

நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பரப்பு, அவர் உடலில் சுமார் 1 சதவீதம். புண் அதைவிடப் பெரிதானாலும், முகம், கை, மூட்டு ஆகியவற்றில் பட்டாலும், மின்சாரத்தால் நேர்ந்தாலும், வலியற்று வெளுத்திருந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

பருத்திப்பட்டிலிருந்து பூந்தமல்லி சென்று, நெடுஞ்சாலையில் சென்னை நோக்கிப் போனால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரும். தீக்காயத்திற்கென்றே அங்கு தனிப் பிரிவு உண்டு. ஆனால் முதல் 20 நிமிடச் சிகிச்சை அங்கே இல்லை. உங்கள் வீட்டுக் குழாயடியில் இருக்கிறது.