எண்ணெய்க் கிணறு வந்தால் கண்மாய் என்னவாகும்?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் காட்டுக்கு அடியில் தாரும் மணலும் கலந்து கிடக்கின்றன. மரங்களை வெட்டி, மேல்மண்ணை வழித்தெடுத்த பிறகுதான் அதைத் தோண்ட முடியும். ஒரு பீப்பாய் எண்ணெய்க்குச் சுமார் 2 டன் மணலை வெந்நீரில் அலசுகிறார்கள். மிஞ்சும் நச்சுக் கழிவுநீர் ஏரி ஏரியாகத் தேங்கி நிற்கிறது.

நம் ராமநாதபுரத்தில் தார்மணல் இல்லை. ஆனால், எரிவாயு இருக்கிறது. வழுதூர் மின் நிலையம் எரிவாயுவில்தான் ஓடுகிறது. 2025 மார்ச்சில், இந்த மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி.க்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி தந்தது. ஆகஸ்டில் விஷயம் வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பியதும், அனுமதியைத் திரும்பப் பெற அறிவுறுத்தியிருப்பதாக அமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார்.

ஊருக்குத் தெரியாமல் எப்படி அனுமதி கிடைத்தது? சோதனைக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம் என்று 2020 ஜனவரியில் மத்திய அரசு விதியை மாற்றிவிட்டது. அதே ஆண்டு தமிழக அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவுக்கானது. அதில் ராமநாதபுரம் இல்லை.

ஒரு கிணற்றுக்குச் சில ஏக்கர்தான் போகும். ஆல்பர்ட்டா போலக் காடே அழியாது. நாம் கவலைப்பட வேண்டியது தண்ணீருக்காக. துளை நன்னீர் அடுக்கைத் தாண்டித்தான் கீழே இறங்குகிறது. சுற்றிலும் இரும்புக் குழாய் இறக்கி சிமென்ட் பூசுவார்கள். அதில் விரிசல் விட்டால் அடியிலுள்ள உவர்நீரும் வாயுவும் மேலே ஏறும். துளையிடும்போது வரும் ரசாயனச் சேற்றைக் குழியில் தேக்குவார்கள். ஐப்பசி மழையில் அந்தக் குழி உடைந்தால் சேறு கண்மாய்க்குப் போகும். நம் கண்மாய்களோ சங்கிலித் தொடர். ஒன்று மறுகால் பாய்ந்தால் அடுத்தது நிறையும். ஒரு ஊரின் குழி பல ஊர்களின் கேடு.

வாசகர் கேள்வி: ‘நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வந்தால் என்ன செய்வது?’

முதலில், இப்போதே கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதித்து, தேதியுள்ள அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். நாளை நீர் உப்பானால், முன்பு நன்றாக இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

இரண்டாவது, கழிவை யார் அகற்றுவது, நிலத்தை எந்த நிலையில் திருப்பித் தருவது என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம்.

மூன்றாவது, கிராம சபையில் தீர்மானம் போட்டு நகல் வாங்குங்கள். கருத்துக்கேட்பு இல்லாத இடத்தில் ஊரின் குரலைப் பதிவுசெய்ய அதுவே வழி.

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் வானம் பார்த்த பயிர். பெய்கிற மழை கெடாமல் இருந்தால்தான் அதற்கு வாழ்வு.