நாஞ்சில் நாட்டுத் தோற்பாவைக் கூத்தில் நகைச்சுவை

மாயமும் தெய்வமும் நிறைந்த பழங்கதைகளில் நகைச்சுவை புகுங்கால் அக்கதைகளின் மாட்சி குன்றுமா, மிகுமா என்பது ஆராய்தற்குரிய வினாவாகும். இதற்கு விடை காண நாஞ்சில் நாட்டுத் தோற்பாவைக் கூத்து நல்லதொரு சான்றாய் அமைகின்றது. நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகத்தீசுவரம் என்னும் பழைய வட்டங்களைக் குறிக்கும். திருவிதாங்கூரில் அடங்கியிருந்த இப்பகுதி 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது.

இக்கூத்தை நிகழ்த்துவோர் மண்டிகர் எனப்படுவர். இவர்தம் இல்லமொழி மராத்தி. தஞ்சையில் மராட்டியர் ஆண்ட காலத்தோடு (1676-1855) இவர்கள் வரவைத் தொடர்புபடுத்துவர். ஆட்டுத் தோலில் வரைந்து வெட்டிய வண்ணப் பாவைகளை வெண்திரையில் பொருத்திப் பின்னிருந்து விளக்கொளி பாய்ச்சிக் கதை நிகழ்த்துவர். நல்லதங்காள், அரிச்சந்திரன் கதைகளும் உண்டெனினும், பல இரவுகள் தொடரும் இராமாயணமே தலைமை பெறுவது. இக்கலையைக் களத்திற் சென்று ஆராய்ந்து நூலாக்கியவருள் அ. கா. பெருமாள் குறிப்பிடத்தக்கவர்.

இக்கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என இருவர் வருவர். இவர்களை வான்மீகத்திலும் காண இயலாது. கம்பனிலும் காண இயலாது. எக்கதை நிகழினும் இவ்விருவர் திரையில் தோன்றுவர். ஆந்திரத் தோற்பாவைக் கூத்தில் ஜுட்டுப் போலிகாடும் பங்காரக்காவும் இவ்வாறே வருகின்றனர். சாவகத்து நிழற்பாவைக் கூத்தில், மூலபாரதத்தில் இல்லாத செமாரும் அவன் மக்களும் பாண்டவர்க்கு ஏவலராய் உடன் செல்கின்றனர். எனவே இந்நகையைத் தற்செயலான இடைச்செருகல் எனத் தள்ளுதல் பொருந்தாது. நிழற்பாவைக் கூத்துகள் பலவற்றிற்கும் உரிய உறுப்பு அஃது எனலே தகும்.

அவ்வுறுப்பின் பயன் யாது? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன் வகுத்தார். எள்ளல் என்பது தான் பிறரை எள்ளுதலும் தான் பிறரால் எள்ளப்படுதலும் என இருவகைப்படும் என்பது பேராசிரியர் கருத்து. இவ்விருவகையும் இக்கோமாளிகளிடம் ஒருங்கே காணப்படுகின்றன. இவர்கள் பெரியோரையும் எள்ளுவர். அடியும் வசையும் பட்டுத் தாமும் எள்ளப்படுவர். அவையோர் முன்னதில் களிப்பெய்துவர். பின்னதில் தம்மையே காண்பர்.

மாயத்தோடு இந்நகைக்குள்ள உறவு மேலும் நுட்பமானது. நிழற்கூத்தில் மாயம் காட்டுவது எளிது. பாவையைத் திரையினின்று விலக்கின் உருவம் பெருத்து மங்கும். சட்டென எடுத்துவிடின் மறையும். ஒன்றை நீக்கி மற்றொன்றை வைப்பின் மாரீசன் மானாவான், இராவணன் தவசியாவான். எல்லாம் இவ்வாறு எளிதாயின் எதுவும் வியப்பன்று. மாயத்தின் அளவை அறிதற்கு மாயம் ஏதுமில்லாத ஒருவன் அருகில் நிற்றல் வேண்டும். பசியும் உறக்கமும் அச்சமும் உடைய கோமாளியே அவ்வளவுகோல். அவன் நடுங்கும்போதுதான் அரக்கனின் பேருருவம் அவையோர்க்கு மெய்யாகின்றது. ஆதலின் நகை நம்பிக்கையைக் கெடுப்பதன்று. அதனைத் தாங்கும் தூண் ஆகும்.

இராமனது செம்மொழியும் கோமாளியின் வட்டாரப் பேச்சும் ஒரே கூத்தன் வாயினின்று பிறக்கின்றன என்பதும் கருதத்தக்கது. இல்லத்தில் மராத்தி பேசும் ஒருவர் நாஞ்சில் நாட்டு வழக்கைக் கொண்டு நாஞ்சில் நாட்டாரைச் சிரிக்க வைத்தார் என்றால், அம்மொழியை அவர் எத்துணைக் கூர்ந்து கேட்டிருத்தல் வேண்டும்!

கோமாளிப் பேச்சில் கொச்சை மிகும் என்பர். கதை தடைப்படும் என்பர். இவ்விரண்டும் ஓரளவு உண்மையே. ஆயினும் இக்காரணம் பற்றிக் கோமாளிகளை விலக்கிக் கதையை மட்டும் ஏட்டிற் பதிவாராயின், எஞ்சுவது நாம் முன்னரே அறிந்த இராமாயணமே ஆகும். நாஞ்சில் நாட்டார் கண்டு மகிழ்ந்த இராமாயணம் ஆகாது. இரவு முழுதும் விழித்திருந்து பார்ப்போர் இன்று அருகிவிட்டனர், நிகழ்த்துவோரும் சிலரே. அச்சிலர் உள்ளபோதே அவர்தம் நகையுரையை ஒரு சொல்லும் திருத்தாது ஒலிப்பதிவு செய்தல் ஆய்வாளர் கடன். செய்யுளை ஏட்டிலிருந்து மீட்கலாம்; அவ்விரவில் பிறந்து அவ்விரவிலேயே அடங்கும் நகைமொழியை மீட்டற்கு வேறு வழியில்லை.